கணினிக்குள் ஒரு பால்காரர்

எங்கள் வீடு கோவில்பட்டியில். கரிசல்காட்டு வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானத்தில் தெருவிலே ஒரு ஈ, காக்கை இருக்காது. அடுப்படி வேலையை முடித்து, அத்தைக்குச் சோறு போட்டுவிட்டு, அந்த நேரத்தில்தான் நான் கணினி முன்னால் உட்காருவேன். இவர் கடலைமிட்டாய்ப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். 2020-ல் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? வெளியூரிலிருந்து கேட்பவர்களின் விலாசம், பார்சல் கணக்கு எல்லாம் என் பொறுப்பு.

உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து நிற்கும். 'உங்கள் பெயர் என்ன? பாஸ்வேர்டு என்ன?' என்று கேட்கும். 'கேன்சல்' என்று அழுத்தினால் போய்விடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்து நிற்கும்.

"என்னம்மா அவன், திரும்பத் திரும்ப வந்து என்னத்தக் கேக்கான்? கேட்டதக் குடுத்து அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்பார் அத்தை.

"குடுத்தாலும் போக மாட்டேங்கான் அத்தை!"

உண்மைதான். எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை எல்லாம் போட்டுப் பார்த்தேன். எரிச்சலில் ஒரு நாள் பேங்க் கணக்கின் பாஸ்வேர்டைக்கூட அடித்தேன் என்றால் பாருங்களேன்! எதற்கும் அது மசியவில்லை. 2022-ம் வருஷத்து நடுவில் தொடங்கிய தொல்லை இது. மூன்று வருஷத்துக்கு மேல், என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலேயே 'கேன்சல்', 'ஓகே' என்று அழுத்தி அழுத்தி என் கை பழகிப் போயிற்று.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

கை தப்பிய ஒரு மத்தியானம்

சென்ற மார்கழியில் ஒரு நாள். கோலப் படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. காது கிழிகிற மாதிரி ஒரு சங்குச் சத்தம். 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. பேங்க் கணக்கு ஆபத்தில் இருக்கிறது. உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. வழக்கம்போல் கை தானாக 'ஓகே'யை அழுத்தியது. சத்தம் கூடிற்றே தவிர, குறையவில்லை. பதற்றத்தில் செல்போனை எடுத்து, அந்த எண்ணில் பாதியை அழுத்தியும் விட்டேன்.

"யாருக்கும்மா போன்?" என்றார் அத்தை.

அந்த ஒரு கேள்விதான் என்னை நிறுத்தியது. யாருக்கு? எனக்கே தெரியவில்லையே! நம் பழைய ஆள் பெயரும் பாஸ்வேர்டும்தானே கேட்பான்? போன் போடச் சொல்ல மாட்டானே? சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டேன். நெஞ்சு படபடப்பு அடங்க ஒரு செம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு வந்த மகளிடம் சொன்னேன். மதுரையில் படிக்கிறாள். "அம்மா, அந்தச் சிவப்புத் திரை சுத்த மோசடி. நீ போன் பண்ணியிருந்தா, சரி பண்ணித் தாரேன்னு சொல்லி உள்ளே புகுந்து பணத்த உருவியிருப்பான். ஆனா தினமும் வருதுன்னு சொல்றியே, அது வேற. அந்தப் பெட்டியோட தலைப்பை ஒரு நாளாவது வாசிச்சியா?" என்றாள்.

வாசிக்கவில்லை. அன்றைக்குத்தான் வாசித்தேன். மேல் வரியில் ஒரு பழைய மின்னஞ்சல் புரோகிராமின் பெயர் இருந்தது. நாங்கள் யாருமே பத்து வருஷமாக அதைத் திறந்ததில்லை.

ஏன் விடாமல் வருகிறது?

மகள் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அப்போது டெலிபோன் வழியாகத்தான் இணைப்பு. பேசுகிற நேரத்துக்குக் காசு ஏறுகிற மாதிரி, இணைப்பில் இருக்கிற நேரத்துக்கெல்லாம் காசு ஏறும். அதனால் கடிதங்களைச் சட்டென்று கணினிக்குள் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆற அமர வாசிப்பார்கள். அப்படி இறக்கித் தருவதுதான் மின்னஞ்சல் புரோகிராமின் வேலை. பிறகு ஜிமெயில் போன்றவை வந்தன. இப்போது செல்போனிலேயே கடிதம் பார்க்கிறோம். புரோகிராமை மறந்துவிட்டோம். ஆனால் அது நம்மை மறக்கவில்லை!

வீடு மாறிப் போகிறவர்கள் பால்காரரிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? அவர் பாட்டுக்கு விடியற்காலையில் வந்து மணி அடிப்பார். கதவைச் சாத்தினால் போவார், மறுநாள் வருவார். அவர் மேல் தப்பில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இந்தப் புரோகிராமும் அப்படித்தான். கணினி போட்டதும் எழுந்து, சொன்ன நேரத்துக்கு ஒரு தரம் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கப் போகும். அங்கே பாஸ்வேர்டு மாறியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். உடனே நம்மிடம் வந்து நிற்கும்.

சில சமயம் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் செல்லாது. வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு புரோகிராம்கள் நுழைவதைப் பாதுகாப்புக்காக 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. பழைய புரோகிராம்களுக்கு இந்தப் புது வழி தெரியாது. ஆகவே நாம் எத்தனை தரம் தட்டினாலும் கதவு திறக்காது.

கணக்கு முடிக்கும் முறை

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பால்காரர் வந்துகொண்டிருந்தால், விண்டோஸ் கணினியில் செய்ய வேண்டியது இதுதான். வரிசையாகச் செய்யுங்கள்.

1. பெட்டி வந்ததும் எதையும் அழுத்தாதீர்கள். தலைப்பில் உள்ள புரோகிராமின் பெயரையும், அது சொல்கிற மின்னஞ்சல் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. பெட்டியைக் 'கேன்சல்' செய்துவிட்டு, அந்தப் புரோகிராமை நீங்களே திறந்து பாருங்கள். பழைய கடிதங்கள் உள்ளே இருக்கலாம். வேண்டியதைத் தனியே சேமித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

3. அதன் பிறகு, புரோகிராமுக்குள் 'அக்கவுண்ட்ஸ்' என்ற பகுதியில் அந்த முகவரியை நீக்குங்கள். பால்காரரிடம் 'நாளை முதல் வேண்டாம்' என்று சொல்வது இதுதான்.

4. 'செட்டிங்ஸ்' திறந்து, 'ஆப்ஸ்', அதற்குள் 'ஸ்டார்ட்டப்' போங்கள். கணினி போட்டதும் தானாக எழுகிறவை அங்கே வரிசையாக இருக்கும். இந்தப் பெயர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

5. மூலையில் வரும் சின்ன அறிவிப்புகளும் தொல்லை தந்தால், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய் அந்தப் பெயருக்கு எதிரே அணைக்கலாம்.

6. இனி தேவையே இல்லை என்று உறுதியானால் மட்டும், 'ஆப்ஸ்' பட்டியலில் அதைத் தேடி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள்.

திரை முழுக்க வந்து போன் நம்பர் கொடுக்கிற பெட்டிக்கு இந்த மரியாதையெல்லாம் வேண்டாம். 'ஆல்ட்' பொத்தானையும் 'எஃப் 4' பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். போகவில்லையா? பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். அந்த நம்பருக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பெட்டிக்குள் இருந்தது

இரண்டாவது படியை ஏன் அத்தனை அழுத்திச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நான் எடுத்தவுடன் அன்இன்ஸ்டால் பண்ணச் சொன்னேன். மகள்தான், "பொறும்மா, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுத் தூக்கலாம்" என்றாள்.

திறந்தால், என் அண்ணன் எழுதிய கடிதங்கள்!

அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தார். 2012-ல் லீவில் வந்தபோது இந்தக் கணினியை வாங்கி வைத்து, என் பெயரில் முகவரி போட்டு, இந்தப் புரோகிராமையும் அமைத்துக் கொடுத்தது அவர்தான். "தங்கச்சி, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு கடுதாசின்னு இல்ல, நெனச்சா எழுதலாம்" என்றார். வாட்ஸ்அப் வந்த பிறகு அதை விட்டுவிட்டோம். 2021-ல், கொரோனாவின் இரண்டாவது அலையில், அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தோரு கடிதங்கள். 'மழை பெய்ததா? மானாவாரிக்கு உளுந்து போட்டாச்சா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?' என்று ஒவ்வொன்றிலும் விசாரிப்பு. செல்போனில் தேடினால் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தப் புரோகிராம் கடிதத்தை இறக்கிக்கொண்டதும் அங்கே அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததாம். உலகத்திலேயே அவை இருந்த ஒரே இடம், நான் மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்தோம். பத்தைத் தாளில் அச்செடுத்து மகள் வாசிக்க, அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் ஒவ்வொரு படியாகச் செய்து, பால்காரருக்குக் கணக்கு முடித்தோம். அன்றோடு பெட்டி வருவது நின்றது. பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

இப்போது திரையில் எது வந்தாலும் கை தானாகப் போவதில்லை. முதலில் தலைப்பை வாசிக்கிறேன். யார் நீ, உன்னை அனுப்பியது யார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் பதில். வாசலில் வந்து நிற்பவரிடம் நாம் தினமும் கேட்கிற கேள்விகள்தானே இவை? கணினியிடமும் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே!