நெருப்பும் பொறுப்பும்

மதீனா மாநகரில் ஓர் இரவு. ஊர் உறங்கிவிட்ட வேளையில் ஓர் இல்லம் தீப்பற்றிக்கொண்டது. உள்ளே உறங்கிக் கிடந்தவர்களோடு சேர்ந்தே அவ்வீடு எரிந்தது. அவர்களுக்கு நேர்ந்த துயரம் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டபோது, நெருப்பு மனிதனுக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிடுமாறு பெருமானார் அவர்கள் பணித்தார்கள். நபித்தோழர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

மறுமையின் நெருப்பைப் பற்றி எச்சரிக்க வந்த இறைத்தூதர், வீட்டு விளக்கின் நெருப்பைப் பற்றியும் எச்சரித்தார்கள். தொழுகையையும் நோன்பையும் கற்பித்த அதே திருவாயால், இரவில் பாத்திரத்தை மூடுங்கள், கதவைச் சாத்துங்கள், விளக்கை அணையுங்கள் என்று கற்பித்தார்கள். இவற்றைச் சில்லறைக் காரியங்கள் என்று நாம் ஒதுக்கலாகுமா?

எலியும் திரியும்

விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் கூறப்பட்டுள்ளது. எரியும் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்பதே அக்காரணம். அபூதாவூத் தொகுப்பில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு நிகழ்ச்சியை அறிவிக்கின்றார்கள். எலியொன்று திரியை இழுத்துவந்து, பெருமானார் அமர்ந்திருந்த விரிப்பின் மீதே போட்டது. விரிப்பில் ஒரு திர்ஹம் அளவுக்கு எரிந்துபோயிற்று. ஒரு நாணயத்தின் அளவுதான்! ஆயினும், அந்தச் சிறு கருகல் வழியாகப் பெருமானார் அவர்கள் எரியும் இல்லங்களைக் கண்டார்கள், உடனே எச்சரித்தார்கள்.

எண்ணெய் விளக்கின் காலம் போய்விட்டதே, இனி எலியால் என்ன கேடு என்று எண்ணுவோர் தம் அடுப்பங்கரையைச் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். எரிவாயு உருளையிலிருந்து அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கடிப்பதும் அதே எலிதான்; பரணில் ஓடும் மின்கம்பியின் உறையைக் கொறிப்பதும் அதே எலிதான். கோவை கோட்டைமேட்டுச் சந்துகளிலும் கரும்புக்கடையின் நெருக்கமான தெருக்களிலும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒரு குழாய் கசிந்தால், அது ஒரு வீட்டோடு நிற்கும் தீமையாகுமா?

எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கெட்ட வாடையுள்ள பொருளை அதனுடன் சேர்க்கின்றனர். அது காற்றைவிடக் கனமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்த பின்னரும், என்னவென்று பார்க்க ஒருவர் மின்விளக்கின் விசையைத் தட்டுகின்றார். அந்த ஒரு பொறியே போதும். எலி அன்று செய்ததை இன்று நம் விரலே செய்துவிடுகின்றது.

மினாவில் எழுந்த தீ

நெருப்பு இறைவனின் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. வாகிஆ அத்தியாயத்தில், நாம் மூட்டும் நெருப்பை நினைவூட்டலாகவும் வழிப்போக்கர்களுக்குப் பயன்தரும் பொருளாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். அருட்கொடை என்பதனாலேயே அது ஓர் அமானிதமும் ஆகின்றது. அமானிதத்தைப் பேணாதவனிடம் அதுவே பகையாக மாறுகின்றது.

1997 ஏப்ரல் 15, ஹிஜ்ரி 1417 துல்ஹஜ் பிறை 8. மறுநாள் அரஃபாவில் நிற்பதற்காக ஹாஜிகள் மினாவின் கூடாரங்களில் தங்கியிருந்தனர். அங்கே சமையல் எரிவாயு அடுப்பிலிருந்து எழுந்ததாக அறியப்பட்ட தீ, பலத்த காற்றில் துணிக் கூடாரங்களைத் தாவிப் பிடித்தது. சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களில் நம் நாட்டவரும் பலர்.

இஹ்ராம் உடையில், தல்பியா முழங்கிய நாவோடு, புனித மண்ணில் இருந்தவர்கள் அவர்கள். நெருப்பு அவர்களுக்கு வேறு சட்டம் வைத்திருக்கவில்லை. ஏனெனில் அதுவும் அல்லாஹ் விதித்த இயல்புப்படியே இயங்குகின்றது. எரியும் பொருளும் காற்றும் கிடைத்தால் எரிக்கும். அவ்விபத்துக்குப் பின்னர் சவூதி அரசு எளிதில் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களை அமைத்தது. கூடாரங்களில் எரிவாயுவைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. துஆவும் தொடர்ந்தது; கூடாரமும் மாறியது. இரண்டும் சேர்ந்ததே முஸ்லிமின் வழி.

நம் தமிழகத்தின் வடுக்களும் மறக்கத் தக்கவையல்ல. 2004 ஜூலை 16, ஒரு வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் தோன்றிய தீ கூரைக்குத் தாவி, வகுப்பறைகளின் ஓலைக்கூரையையும் பற்றியது. குறுகலான வழியில் வெளியேற இயலாமல் 94 பிஞ்சுகள் கருகின. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீ மூண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மடிந்தனர். 28 உயிர்கள் போயின. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் கொண்டுவந்து ஒப்படைத்துச் சென்ற உயிர்கள் அவை.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். ஓலைக்கூரையின் கீழ் அமர்த்தப்பட்ட பிள்ளைகளும், சங்கிலியில் கட்டப்பட்ட நோயாளிகளும் அந்த விசாரணையில் சாட்சிகளாக நிற்கமாட்டார்களா?

விதி என்பது விடையாகுமா?

தீவிபத்து நடந்த வீட்டுக்கு ஆறுதல் கூறச் செல்வோர், “அல்லாஹ்வின் நாட்டம்” என்கின்றனர். துயருற்றவருக்கு அது மருந்து. ஆனால், அலட்சியம் செய்தவர் அதையே தமக்கு அரணாக்கிக்கொள்ளலாகாது.

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்கே செல்லாமல் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் செல்கின்றோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். குழாய் வெடித்துக் கசிவது ஒரு விதியெனில், அதை முன்கூட்டியே மாற்றிவிடுவதும் அவன் விதித்ததே. எதன்பால் செல்வது என்பது நம் கையில் உள்ளது.

தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்கி விழுந்தவரைக் காக்கும் பொறுப்பு நீங்கிவிடுகின்றது என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் உள்ளது. தன் கைகளாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் எனத் திருக்குர்ஆனின் பகரா அத்தியாயமும் தடுக்கின்றது. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் கூட, நஷ்டஈடும் பரிகாரமும் உண்டு என நிஸா அத்தியாயம் விதிக்கின்றது. “வேண்டுமென்றே செய்யவில்லையே” என்று சொல்வதோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். காற்று வீசும் நாளில் ஒருவர் தம் நிலத்தில் தீ மூட்ட, அது பரவி அயலார் பொருளை எரித்தால், மூட்டியவர் ஈடு செலுத்த வேண்டும் என்றனர். தம் சொந்த நிலம் என்பது அவருக்குத் துணை நிற்காது. காற்று வீசுவதை அவர் கண்டாரா என்பதே கேள்வி.

தீயில் மடிந்த இறைநம்பிக்கையாளர் ஷஹீத்களின் அந்தஸ்தைப் பெறுவார் என்று நபிமொழி உண்டு. அது மடிந்தவருக்கும் அவரை இழந்து வாடுவோருக்கும் உரிய நற்செய்தி. தீயைக் கவனியாது விட்டவருக்கு அது விடுதலைப் பத்திரமன்று.

பஞ்சுத் தொழில் வாழும் மண்ணில்

கொங்கு நாடு பஞ்சாலும் நூலாலும் பிழைக்கும் பூமி. 1888-ல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது முதல் பஞ்சோடு வாழ்ந்து வருகின்றோம். பஞ்சில் கலந்துவிட்ட ஒரு சிறு இரும்புத் துண்டு எந்திரத்தில் உராய்ந்தால் பொறி பறக்கும் என்பது ஆலைத் தொழிலாளர் அனைவரும் அறிந்ததே. பொதிக்குள் புகுந்த தீ வெளியே தெரியாமல் கனன்று கிடந்து, நேரம் கடந்து மூளும். ஆதலால் ஆலைக்குள் பீடி, தீப்பெட்டிக்கு இடமில்லை. அங்கே இத்துணை எச்சரிக்கையாக இருப்பவர், வீட்டுக்கு வந்ததும் அணையாத பீடித் துண்டைச் சன்னல் வழியே எறிவது என்ன நியாயம்? கழிவுத்துணிக் கிடங்கிலும் காயலான் கடையிலும் துணியும் பிளாஸ்டிக்கும் கூரை முட்டக் கிடக்க, ஒரே விசைப்பலகையில் பல இணைப்புகள் கொடுத்துத் தொழில் நடத்துவது என்ன நியாயம்?

2025 ஜூலையில் திருப்பூரில், கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த தகரக் குடிசைகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எரிவாயு உருளைகள் வெடித்த தீயில் எரிந்து போயின. உழைத்துச் சேர்த்த பாத்திரம் பண்டம் அனைத்தும் சாம்பலாயிற்று. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி இஸ்லாம் எவ்வளவோ வலியுறுத்துகின்றது. நெருங்கி வாழும் குடியிருப்பில் அந்த உரிமைகளுள் முதன்மையானது, நம் அடுப்பால் அவர்கள் கூரை எரியாதிருப்பதே.

நம் இல்லங்களுக்கே உரிய சில பழக்கங்களையும் எண்ணிப் பார்ப்போம். மஃரிபுக்குப் பின் சாம்பிராணிப் புகை காட்டுகின்றோம். மணம் பரவியதும் சட்டியைத் திரைச்சீலையின் அருகே வைத்துவிட்டு மறந்துபோகின்றோம். நிக்காஹ் விருந்துக்கு பிரியாணி தம் போடுகையில் தேக்சா மூடியின் மேலே தணலைப் பரப்புகின்றோம். விருந்து முடிந்ததும் அத்தணல் மண்டபத்தின் பின்புறம், காகிதத் தட்டுகளுக்கும் காய்ந்த இலைகளுக்கும் நடுவே கொட்டப்படுகின்றது. சாம்பலுக்கு அடியில் தணல் வெகுநேரம் உயிரோடிருக்கும். விடிந்ததும் அங்கே விளையாட வருவன நம் குழந்தைகள். ரமலானில் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் இருக்கின்றனவா என்று முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் பார்த்ததுண்டா?

புதிதாக வந்து சேர்ந்த ஆபத்தும் ஒன்றுண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றம் செய்ய விடப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. வீட்டினுள் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். உறங்கும்போது நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்னும் போதனை, விடிய விடிய மின்னேற்றத்தில் கிடக்கும் மின்கலத்துக்கும் பொருந்துமன்றோ?

இன்றிரவே தொடங்குவோம்

இஷாத் தொழுதபின், உறங்குமுன், வீட்டை ஒருமுறை சுற்றி வருவோம். எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுவோம். கொசுவத்தியைப் படுக்கையிலிருந்தும் திரையிலிருந்தும் விலக்கி வைப்போம். சாம்பிராணிக் கரியை நீரூற்றி அணைப்போம். செல்பேசியைத் தலையணைக்கடியில் மின்னேற்ற மாட்டோம். மின்சார வண்டியை வெளியேறும் வழியை அடைத்து நிறுத்தமாட்டோம்.

ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்போ கடித்த தடமோ தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். அடுப்பங்கரை பெண்களுடையது என்று ஆடவர் ஒதுங்க வேண்டாம். குழாயைக் கவனிப்பது குடும்பத் தலைவரின் கடமை. வாடை வந்தால் விசை எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். வெளியே நின்று 1906 என்ற எண்ணை அழைக்கலாம். தீ மூண்டுவிட்டால் 101 அல்லது 112.

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடினால் போதும். உடலில் தீப்புண் பட்டால் பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்க. நம் சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையும் வழியை மறித்து வாகனங்களை நிறுத்தாதிருப்பதும், பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதற்கு ஒப்பான நற்செயலே.

இவற்றுக்கெல்லாம் எவ்வளவு நேரம் செல்லும்? தினமும் சில நிமிடங்கள். பெருமானாரின் அறிவுரையைப் பின்பற்றும் எண்ணத்தோடு அணைக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் நன்மையை எதிர்பார்க்கலாம்.

விரிப்பில் விழுந்த ஒரு திர்ஹம் அளவுக் கருகலையே எச்சரிக்கையாகக் கொண்ட நபியின் உம்மத் நாம். ஊர் எரிந்த பின்னரா விழிப்பது? நம் இல்லங்களையும் அண்டை அயலாரையும் தீயின் கேட்டிலிருந்து வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! காக்கும் முயற்சியில் நாம் சோர்ந்துவிடாதிருக்கவும் அவனே துணை நிற்பானாக! ஆமீன்.