வெந்நீர் ஊற்றுகளை அண்டி வாழும் காம்புடை இழுதுமீன்கள்

இழுதுமீன் என்றதும் குடைபோல விரிந்து சுருங்கி நீரில் மிதந்து செல்லும் உயிரே எமது நினைவுக்கு வருகின்றது. ஆயின், காம்பொன்றினாற் பாறையிலோ கடற்றாவரங்களிலோ ஒட்டிக்கொண்டு வாழும் பிரிவொன்றும் உண்டு. காம்புடை இழுதுமீன்கள் என நாம் இவற்றைக் குறிப்பிடலாம். 2004 இல் இவை ஸ்டோரோசோவா என்னும் தனி வகுப்பாக வகுக்கப்பட்டன. இதுவரை அறியப்பட்ட இனங்கள் ஏறத்தாழ ஐம்பதே. பெரும்பாலானவை குளிர்ந்த, ஆழங்குறைந்த கரையோரங்களுக்குரியவை. 2005 இல் விபரிக்கப்பட்ட லூசர்னேரியா ஜனெற்றே என்னும் இனமோ கிழக்குப் பசுபிக் முகட்டில், 2500 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளை அண்டி வாழ்கின்றது.

இத்தகைய ஆழ்கடல் ஊற்றுகளில் வாழும் உயிர்க்கூட்டங்கள் 1977 இல் கலாபகோசுத் தீவுகளுக்கு அப்பால் அல்வின் என்னும் நீர்மூழ்கி மூலம் முதன்முதலிற் காணப்பட்டன. கடற்றரையின் வெடிப்புகளினூடு இறங்கும் நீர், கீழுள்ள பாறைக் குழம்பின் வெப்பத்தாற் சூடேறி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலெழுகின்றது. சிலவிடங்களில் அதன் வெப்பநிலை 350 பாகை செல்சியசையும் விஞ்சும். ஒளி எட்டாத அவ்விடத்தில் ஒளித்தொகுப்பு நிகழவியலாது; ஐதரசன் சல்பைட்டை ஒட்சியேற்றிச் சக்தி பெறும் பற்றீரியாக்களே உணவுச் சங்கிலியின் அடித்தளமாகும். காம்புடை இழுதுமீன்கள் ஊனுண்ணிகள். எட்டுக் கைகளின் நுனிகளிலும் கொத்தாயுள்ள பரிசக்கொம்புகளாற் சிற்றுயிர்களைப் பற்றி, கொட்டுங் கலங்களாற் செயலிழக்கச் செய்து உண்கின்றன.

இவ்வூற்றுகள் நிலையானவையல்ல. 1991 இல் கிழக்குப் பசுபிக் முகட்டின் வடபகுதியில் நிகழ்ந்த எரிமலைக் கக்குகையால் அங்கிருந்த உயிர்க்கூட்டங்கள் அழிந்தன. ஆயினும் 1993 இன் இறுதியில் இராட்சதக் குழாய்ப்புழுக்கள் அங்கு மீண்டும் செழித்திருந்தன. அவற்றின் குடம்பிகள் நீரோட்டத்தோடு மிதந்து செல்பவை. காம்புடை இழுதுமீன்களின் நிலை வேறு. ஆழமற்ற கடல்களில் ஆராயப்பட்ட இனங்களின் குடம்பிகளுக்குப் பிசிர்கள் இல்லை. அவை நீந்தாது ஊர்கின்றன. ஏனைய இழுதுமீன்களைப் போல் இவற்றின் பொலிப்பு மெடூசாக்களைப் பிரித்து நீரில் விடுவதுமில்லை. அதன் மேற்பகுதியே மெடூசாவாக மாற, காம்பு அப்படியே எஞ்சுகின்றது. ஊர்ந்து செல்லும் குடம்பியையுடைய உயிர், ஊற்றுக்கும் ஊற்றுக்கும் இடைப்பட்ட பல கிலோமீற்றர்களைக் கடப்பது எங்ஙனம் என்னும் வினா இங்கு எழுகின்றது.

இது வெறும் விலங்கியல் வினாவன்று. ஊற்றுகளைச் சூழப் படியும் சல்பைட்டுகளிற் செம்பும் நாகமும் பொன்னும் உண்டு. அத்திலாந்திக், இந்து சமுத்திர முகடுகளில் இவற்றைத் தேடுதற்குச் சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபை ஒப்பந்தங்களை வழங்கியுள்ளது. எரிமலையின் பின்னர் உயிர்கள் மீள்வதால், அகழ்வின் பின்னரும் அவை மீளும் என வாதிப்போர் உளர். விரைந்து மீண்டவை மிதப்பன என்பதை அவ்வாதம் கருத்திற் கொள்வதில்லை. மிதப்பனவற்றைச் சான்றாக்கி, ஒட்டி வாழ்வனவற்றுக்கும் தீர்ப்புக் கூறுதல் விஞ்ஞான நெறிக்குப் பொருந்தாது.

தேசிய எல்லைகளுக்கு அப்பாற்பட்ட கடற்படுகை மனித குலத்தின் பொது உரிமைச் சொத்து என 1982 ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயம் பிரகடனஞ் செய்கின்றது. அச்சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டிற்கு, 1973 முதல் 1980 இல் தாம் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அப்பொதுச் சொத்தை உலோகத்தின் நிறையால் மாத்திரம் அளத்தல் தகுமா? இடம்பெயர வகையற்று ஒரு பாறையையே பற்றி வாழும் உயிரையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.