வளைந்த முகப்பும் கட்டடத் தகவல் மாதிரியும்

ஒரு தாளைக் குழாயின் மேல் சுற்றினால் அது மடிப்பு விழாமல் படியும். அதே தாளைத் தேங்காயின் மேல் போர்த்தினால் ஓரங்களில் சுருக்கம் விழும். குழாய் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. தேங்காய் இரு திசைகளிலும் வளைந்தது. வகுப்பறையிலேயே செய்து காட்டத்தக்க இச்சோதனை, இக்காலப் பெருங்கட்டடங்களின் முகப்பை அமைப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை நன்கு புலப்படுத்தும்.

சமதளச் சுவருக்குக் கிடைப்படம், நிலைப்படம், வெட்டுப்படம் ஆகியவை போதும். இரு திசைகளிலும் வளைந்த முகப்பிலோ ஒரு தகட்டைப் போல் மற்றொன்று இராது. ஆயிரம் தகடுகளுக்கு ஆயிரம் படங்கள் வரைய வேண்டும். வடிவம் ஓரிடத்தில் சற்றே மாறினும் அவற்றுட் பலவற்றைத் திருத்த வேண்டும். அவற்றுள் ஒன்று திருத்தப்படாமல் விடுபடுவது அரிதன்று. அது தெரியவருவது, பல வேளைகளில், தகடு பளுதூக்கியில் தொங்கும்போதுதான்!

இக்குறையைப் போக்க வந்ததே கட்டடத் தகவல் மாதிரி. கணிப்பொறியில் அமையும் இம்முப்பரிமாண மாதிரியில், ஒவ்வொரு தகட்டின் எண், பொருள், தடிப்பு, எடை, பொருத்தப்படும் இடம் ஆகியனவும் அதன் உருவத்தோடு பிணைந்திருக்கும். வடிவத்தை மாற்றினால், அதிலிருந்து பெறப்படும் படங்களும் பட்டியல்களும் உடன் திருந்தும்.

இப்பெயர் பரவலாக வழங்குமுன்பே, ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகம் இவ்வழியை ஒட்டி எழுந்து, 1997-இல் திறக்கப்பெற்றது. கட்டடக்கலைஞர் பிராங்க் கெரி கையால் செய்த மாதிரிகளின் வளைவுகள் அளந்து கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. அதற்குப் பயன்பட்ட ‘காட்டியா’ என்னும் நிரல், பிரான்சில் விமானங்களை வடிவமைப்பதற்கென ஆக்கப்பெற்றது. வளைந்த உடலில் தகடு பொருத்துவது விமானத் தொழிலுக்கு முன்பே கைவந்த கலையாதலின் இதில் வியப்பில்லை. கெரியின் வளைவுகள் பெரும்பாலும் தாளை வளைத்துப் பெறத்தக்கவை, சுமார் 0.38 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியத் தகடுகள் அவற்றின்மேல் இசைந்து படிந்தன.

துபாயில் 2022-இல் திறக்கப்பெற்ற எதிர்கால அருங்காட்சியகமோ தேங்காய் வகையைச் சார்ந்தது. வளையம் போன்ற அதன் முகப்பில் 1,024 தகடுகள் உள்ளன; அரபு எழுத்துகளே சாளரங்கள். எழுத்தின் கோடு செல்லுமிடத்தில் ஒளி நுழைய வேண்டும். பின்னுள்ள எஃகுச் சட்டகம் அங்கேயே குறுக்கிடக்கூடும். கலைஞரிடம் ஒரு படம், பொறியாளரிடம் வேறொரு படம் என்றிருந்தால் இம்மோதல் களத்தில்தான் வெளிப்படும். பொது மாதிரியில் அது முன்னரே புலப்படும்.

ஆயினும் கட்டடம் மாதிரிக்கு முற்றும் அடங்கி நிற்பதில்லை. 10 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம், வெப்பநிலை 30 டிகிரி செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் நீளும். பற்றவைப்பிலும் பொருத்துகையிலும் மேலும் சிறிது விலகல் சேரும். ஆகவே தகடுகளுக்கிடையே இடைவெளி விடப்படுகிறது. அவற்றைத் தாங்கும் பிடிப்புகளில் நீள்துளைகள் இடப்படுகின்றன. சட்டகம் நிறுவப்பட்டபின், பொருத்துமிடங்களின் உண்மை நிலை அளவைக் கருவியால் அளக்கப்பெற்று மாதிரியில் ஏற்றப்படுகிறது. இதனை வீண்செலவென்று தவிர்ப்போர், பின்னர்த் தகடுகளைக் களத்தில் அராவிப் பொருத்த நேரிடும். அச்சில் உருவான இருவளைவுத் தகட்டில் அதற்கு இடம் மிகக் குறைவு.