பெல்ட் மாட்டினால் மட்டும் போதுமா?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் ஏறத்தாழ 190 அடி. திருப்பணி வந்தால் கலசம் வரை சாரம் ஏறும். அண்ணாந்து பார்ப்பவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஆள் உயிரை வாங்க அத்தனை உயரம் வேண்டியதில்லை. இரண்டு மீட்டரிலிருந்து விழுபவர் முக்கால் நொடிக்குள், மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுகிறார். கை ஊன்றக்கூட நேரமிருக்காது.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என ஆலைகள் நெருங்கி நிற்கும் மாவட்டம் காஞ்சிபுரம். எந்த ஆலையிலும் கூரை ஆபத்தான இடம். வெயிலில் காய்ந்து நைந்த சிமெண்ட் ஷீட் ஆள் எடையைத் தாங்காது. வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் பிளாஸ்டிக் ஷீட் அதைவிட மோசம். தூசி படிந்துவிட்டால் எது சிமெண்ட், எது பிளாஸ்டிக் என்றே தெரியாது. மழைக்கு முன் ஒழுகல் அடைக்க, 'அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று ஒருவர் ஏறுவார். ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் மேல் நீளப் பலகை போட்டு அதில் நடக்க வேண்டும். அடியில் வலை கட்ட வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் யாரையும் மேலே அனுப்பக் கூடாது.

'பெல்ட் கொடுத்திருக்கிறோமே' என்பார்கள். பெல்ட்டின் கயிறு சுமார் 1.8 மீட்டர். அதைக் காலடி மட்டத்தில் மாட்டினால், விழும்போது கயிற்றின் நீளம், அதிர்ச்சி தாங்கும் பட்டை விரியும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்ந்து கீழே ஏறக்குறைய 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். நாலு மீட்டர் உயர வேலையில், கயிறு அவரை நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும். கொக்கியைத் தலைக்கு மேலே, ஆள் விழும் விசையைத் தாங்கும் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்கவும் ஏற்பாடு வேண்டும்; அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி உயிருக்கே ஆபத்து.

உயரத்தில் வேலை செய்பவர் விழாதபடி தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32-வது பிரிவிலேயே சொன்னது. தரையிலுள்ள குழிகளையும் திறப்புகளையும் மூடவோ வேலியிடவோ சொன்னது 33-வது பிரிவு.

சமதரையிலும் விழுகிறார்கள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் கொதிக்கும் தொட்டியின் பக்கத்திலேயே ஈரத்தரை. அங்கே வழுக்கினால் எலும்பு முறிவோடு போகாது, தீப்புண்ணும் சேரும். தண்ணீர் வடியும்படி சரிவும், சொரசொரப்பான தரையும் பெரிய செலவில்லை.

ஆலை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பலகை போடாத கூரையில் ஏற மாட்டேன் என்று சொல்லும் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். முதலில் பலகையைப் போடுங்கள்.