மஞ்சள் கடுதாசியும் மாதச் சம்பளமும்

"மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராமே!"

ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைத்தெருவில் இந்த ஒரு வாக்கியம் போதும். நேற்றுவரை திண்டிலே சாய்ந்து கணக்குப் பார்த்தவர், இன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்து வழியே போவார். ஊர் சிரிக்கும். உறவு ஒதுங்கும். கடன் கொடுத்தவன் வாசலில் நின்று வைவான்.

அது தனி மனிதனின் கதை. கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தால்? கம்பெனிக்குத் தலையும் இல்லை, துண்டும் இல்லை, ஒளிந்து போகச் சந்தும் இல்லை! அந்த அவமானத்தை அனுபவிக்கிறவன் வேறொருவன். வாடகைக்கு வீடு கொடுத்தவரிடமும், பள்ளிக்கூடத்துச் சம்பளம் கேட்பவரிடமும், மளிகைக் கடைக்காரரிடமும், "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் தொழிலாளி. கடன் வாங்கியவன் அவன் அல்ல. கையெழுத்துப் போட்டவனும் அல்ல. ஆனாலும் தலைகுனிவு அவனுக்கு!

இந்த நிலையைச் சீர்செய்யத்தான் 2016-ல் பாராளுமன்றம் நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது என்றார்கள். 180 நாளில் முடியும், மிஞ்சினால் இன்னும் 90 நாள் என்றார்கள். 2019-ல் அதைத் திருத்தி, வழக்குகளில் கழியும் காலத்தையும் சேர்த்து 330 நாள் என்றார்கள். நாட்கணக்கு நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்ன?

ஜெட் ஏர்வேஸ் கதையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 17 அன்று அதன் கடைசி விமானம் பறந்து இறங்கியது. ஜூன் மாதம் மும்பைத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது. 2021 ஜூனில், ஜாலன், பிரிட்ஷ் என்னும் இருவரின் கூட்டணி கம்பெனியை எடுத்து நடத்தும் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மீண்டும் பறக்கும், மீண்டும் வேலை கிடைக்கும் என்று விமானிகளும் பணிப்பெண்களும் மூட்டை தூக்குவோரும் பழுது பார்ப்போரும் காத்திருந்தார்கள். முதல் தவணையாக 350 கோடி ரூபாய் போட வேண்டிய கூட்டணி 200 கோடியைப் போட்டது. மீதி 150 கோடியை வங்கி உத்தரவாதத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்றது. "கழித்துக்கொள்ளலாம்" என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். "கூடாது" என்றது உச்சநீதி மன்றம். 2024 நவம்பர் 7 அன்று, முழு நீதி வழங்க அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனியைக் கலைத்து விற்றுவிடுமாறு ஆணையிட்டது. போட்ட 200 கோடியும் பறிமுதல்.

330 நாள் எங்கே, ஐந்தாண்டுக்கும் மேல் எங்கே! சொன்ன சொல்லைக் காப்பாற்றாத கூட்டணியைத் தண்டித்தது சரிதான். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தொழிலாளருக்குச் சேரவேண்டிய சேமநிதியையும் பணிக்கொடையையும் முழுதாகக் கொடுத்தாக வேண்டும் என்று கூறியிருந்தது. 2023 ஜனவரியில் உச்சநீதி மன்றமும் அதில் தலையிட மறுத்தது. வெற்றி என்று தொழிலாளர் மகிழ்ந்தார்கள். பிறகு திட்டமே விழுந்தது. தீர்ப்பு கையில், பணம் காற்றில்!

கலைத்து விற்றால் யாருக்கு முதலில்? சட்டத்தின் 53-ஆவது பிரிவு ஒரு வரிசை வகுக்கிறது. முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்த படியில் இருவர் சமமாக நிற்கிறார்கள்: கலைப்புக்கு முந்திய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி ஒருபுறம், அடமானம் பிடித்த வங்கி மறுபுறம். தொழிலாளி என்ற வகையில் சேராத மற்ற ஊழியர்களுக்கு அதற்கும் கீழ்ப்படி. அதுவும் 12 மாதத்துக்கு மட்டும்.

"பாட்டாளியையும் வங்கியையும் சரிசமமாக நிறுத்தியிருக்கிறோமே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். சமம்தான், தோழர்களே! ஒரு கணக்குப் போடுவோம். தொழிலாளருக்குப் பாக்கி 10 கோடி, வங்கிக்குப் பாக்கி 990 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவெல்லாம் போக விற்ற பணம் 100 கோடி. ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் வங்கிக்கு 99 கோடி, தொழிலாளர் அனைவருக்கும் சேர்த்து ஒரு கோடி. வங்கி தன் நட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு மறுநாள் காலை கதவைத் திறக்கும். தொழிலாளி எந்தக் கணக்கில் எழுதுவான்?

1982 டிசம்பரில் உச்சநீதி மன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கைத் தீர்த்தார்கள். கம்பெனியைக் கலைக்கச் சொல்லும் மனு விசாரணைக்கு வரும்போது தொழிலாளிக்கும் பேச உரிமை உண்டா என்பது கேள்வி. இரண்டு நீதிபதிகள் இல்லை என்றார்கள். பகவதி உள்ளிட்ட மூவர் உண்டு என்றார்கள். பங்குதாரர் போட்டது பணத்தில் ஒரு பகுதி. தொழிலாளி போட்டதோ வியர்வையும் வாழ்வும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1985-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் பாக்கி அடமானக் கடனுக்குச் சமமாக வைக்கப்பட்டது. அன்று 24 மாதம் என்ற வேலி கிடையாது. அந்த வேலி 2016-ல் முளைத்தது. இது அநீதி என்று மோசர் பேயர் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 2023 மே மாதம் உச்சநீதி மன்றம், பாராளுமன்றம் வகுத்த வரிசை செல்லும் என்று கூறி முடித்தது.

இடையில் கப்பல் கட்டும் ஏ.பி.ஜி. நிறுவனத்தின் தொழிலாளரும் ஊழியரும் தொடுத்த வழக்கு. திவால் நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலத்துச் சம்பளத்தை, வரிசையில் முதலில் நிற்கும் செலவாகக் கருதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த விடை: அந்தக் காலத்தில் நிறுவனம் ஓடியிருக்க வேண்டும், நீங்களும் உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும், அதை மெய்ப்பித்தால் உண்டு. கதவைப் பூட்டியவன் தொழிலாளியா? பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து "உள்ளே வேலை செய்தாயா?" என்று கேட்பது விந்தையல்லவா!

ஆனால் அதே தீர்ப்பில் நல்லதும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். சேமநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை கம்பெனியின் சொத்தல்ல; வரிசைக்கு வெளியே வைத்துத் தொழிலாளிக்கே கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் உறுதி செய்தார்கள். இதிலும் ஒரு ஓட்டை. பணிக்கொடைக்கென்று நிதியே ஒதுக்காமல் முதலாளி ஏமாற்றியிருந்தால்? கலைப்பு அதிகாரியைக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2020-லேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஒழுங்காக நிதி ஒதுக்கிய முதலாளியின் தொழிலாளிக்குப் பணம். ஒதுக்காத முதலாளியின் தொழிலாளிக்கு நாமம்!

கம்பெனி பிழைப்பதா, சாவதா என்று முடிவு செய்வது யார்? கடன் கொடுத்தோர் குழு. பெரும்பாலும் வங்கிகள். தொழிலாளிக்கு அங்கே வாக்கு இல்லை. அந்தக் குழுவின் வணிக அறிவில் நீதிமன்றம் கை வைக்காது என்று 2019 நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் தீர்ந்துவிட்டது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பூஷண் பவர் உருக்காலையை ஏறத்தாழ 19,700 கோடிக்கு ஜே.எஸ்.டபிள்யூ. எடுத்து, ஆண்டுக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்தது. 2025 மே 2 அன்று, அந்தத் திட்டம் செல்லாது, ஆலையைக் கலைத்துவிடுங்கள் என்று உச்சநீதி மன்றம் ஆணையிட்டது. ஓடும் உலையை அணைப்பதா? ஜூலை இறுதியில் அதே மன்றம் அந்த ஆணையைத் திரும்பப் பெற்று, மறுபடி விசாரித்து, செப்டம்பர் 26 அன்று திட்டம் செல்லும் என்றது. உலை அணையவில்லை, வேலையும் தப்பியது. இந்த வழக்கில் குழுவின் முடிவு நின்றதால் பயன் அடைந்தவர்களில் தொழிலாளியும் ஒருவன்.

ஆகவே அவன் கேட்பது பெரிய சலுகை அல்ல. கம்பெனி நோயில் விழும்போதே மணி அடிக்க அவனுக்கும் ஒரு கயிறு வேண்டும் என்பதுதான். அந்தக் கயிற்றை 2019 ஏப்ரலில் உச்சநீதி மன்றமே கொடுத்தது. கான்பூரில் மூடிக் கிடந்த ஜே.கே. சணல் ஆலையின் தொழிற்சங்கம், சுமார் 3,000 பேர் சார்பில் திவால் மனு போட்டது. சங்கம் மனுப் போடக்கூடாது என்று கீழே இரண்டு தீர்ப்பாயங்களும் தள்ளின. நீதிபதி நாரிமன் அமர்வு, போடலாம் என்றது.

மகிழ்ந்து ஓராண்டு ஆகவில்லை. கயிறு உயரப் போயிற்று! அதுவரை ஒரு லட்ச ரூபாய் பாக்கியிருந்தால் மனுப் போடலாம். 2020 மார்ச் 24 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பில் அதை ஒரு கோடியாக்கியது. கொரோனாக் காலத்தில் சிறு தொழில்கள் சாய்ந்துவிடக்கூடாதே என்ற காரணம் சொன்னார்கள். அன்றைக்கு அது நியாயமாகவும் இருந்தது. நோய் போயிற்று, தொகை போகவில்லை. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்குப் பத்து லட்சம். ஒரு கோடி சேர, அந்த ஐம்பது குடும்பமும் பத்து மாதம் சம்பளமின்றிக் கிடக்க வேண்டும்! அதற்குள் இயந்திரம் துருப்பிடிக்கும், வாங்க வருபவனும் வேறிடம் போவான்.

இதை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. அந்தத் தொகையை ஒரு கோடிக்குள் எவ்வளவு என்று குறிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. ஓர் அறிவிப்பில் ஏறிய தொகை, இன்னோர் அறிவிப்பில் இறங்காதா?