வாடகை மிச்சம், வைத்தியர் தூரம்

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் வருகிற பாலைவன ஊர் குவார்ட்சைட். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 2,413 பேர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. குளிர்காலத்தில் ஊரின் முகமே மாறிவிடும். மினசோட்டா, மிச்சிகன், கனடா என்று பனி கொட்டுகிற வடக்கிலிருந்து முதியவர்கள் வீட்டோடு வந்து இறங்குவார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய மோட்டார் ஹோம், பிக்கப் லாரியில் கொக்கி மாட்டி இழுத்துவரும் டிரெய்லர், பின்னால் மெத்தை விரித்த பழைய வேன் என்று ஆயிரக்கணக்கான வண்டிகள் அந்தப் பொட்டலை நிறைத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆர்.வி. என்று பெயர்.

நிலம் மத்திய அரசுடையது. லா போசா என்ற பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ளப் பல வருடங்களாக வசூலித்துவருவது 180 டாலர். ஏழு மாதத்துக்கும் சேர்த்தே அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் வசதி உண்டு. கரன்ட் கிடையாது, கூரைமேல் சோலார் தகடு மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த 180 டாலரும் கட்ட முடியாதவர்கள் கொஞ்சம் தள்ளி, இலவச நிலத்தில் 14 நாள் இருந்துவிட்டு வேறிடம் போவார்கள்.

இந்த ஊரின் நினைவுச் சின்னமும் ஒரு நாடோடியின் கல்லறைதான். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தது. அதற்காகக் கப்பலேறி வந்த ஹாஜி அலி இங்கேயே தங்கி, 1902-ல் இறந்தார். அவர் பெயரை உச்சரிக்க வராத ஊர்க்காரர்கள் அவரை ‘ஹை ஜாலி’ ஆக்கிவிட்டார்கள். பிரமிடு வடிவக் கல்லறையின் உச்சியில் செம்பில் ஓர் ஒட்டகம் நிற்கிறது.

வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் வயதான காலத்தில் ஏன் பொட்டலில் வந்து நிற்கிறார்கள்? ஊர் சுற்றும் ஆசை பலருக்கு உண்டு. ஆனால் ஆசைக்கு முன்னால் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியை 62 வயதில் வாங்கத் தொடங்கலாம். 1960-லோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு முழுத்தொகை 67 வயதில்தான். 62-லேயே கை நீட்டினால் 30 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். 2025 தொடக்கத்தில் சராசரி ஓய்வூதியம் மாதம் 2,000 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்தது. பெரிய நகரங்கள் சிலவற்றில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகைக்கே அது பத்தாது. முன்பு கம்பெனி பென்ஷன் என்று ஒன்று இருந்தது. 1978 வரிச் சட்டத்தில் நுழைந்த ‘401(கே)’ பிரிவுக்குப் பிறகு அந்த இடத்துக்குத் தொழிலாளியின் சொந்தச் சேமிப்பும் பங்குச் சந்தையும் வந்தன. 2008-ல் சந்தை சரிந்தபோது ஓய்வுபெறும் வயதில் இருந்தவர்கள் சேமிப்பில் ஒரு பகுதியை இழந்தார்கள். பலர் வீட்டையும் இழந்தார்கள்.

ஜெசிக்கா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு நெடுங்காலம் பழகி, 2017-ல் ‘நோமேட்லேண்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதைத் தழுவி க்ளோயி ஜாவ் எடுத்த படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. படத்தில் தெரிவது அந்தி வானமும் தனிமையும். புத்தகம் காட்டுவது உடல் வலியை. அமேசான் 2008-ல் தொடங்கிய ‘கேம்பர் ஃபோர்ஸ்’ திட்டத்தில், அறுபது எழுபது வயதுக்காரர்கள் பண்டிகைக் காலத்தில் கிடங்குக்கு அருகிலுள்ள முகாம்களில் வண்டியைப் போட்டுவிட்டு, கான்கிரீட் தரையில் நாளெல்லாம் நடந்து பொருள் எடுத்தார்கள். வலி மாத்திரை அங்கே இலவசமாகக் கிடைத்தது. அந்தத் திட்டம் சில வருடங்களுக்கு முன் நின்றுபோனது. வடக்கு டகோட்டாவில் சர்க்கரைக் கிழங்கு அறுவடையும், கோடையில் வனத்துறை முகாம்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இன்னும் இருக்கின்றன. ஓய்வு என்ற பெயரில் நடக்கும் இந்த உழைப்பை ‘சுதந்திர வாழ்க்கை’ என்று விளம்பரப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. விரும்பிப் புறப்பட்டவரும் வேறு வழியில்லாமல் புறப்பட்டவரும் ஒரே மாதிரி வண்டியில்தான் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

விரும்பிப் போகிறவருக்கு இதில் இன்பம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 62 வயதானவர்களுக்கு 80 டாலரில் ஆயுட்கால தேசியப் பூங்கா அட்டை கிடைக்கிறது. கிராண்ட் கேன்யன் முதல் யெல்லோஸ்டோன் வரை நுழைவுக் கட்டணமில்லை, அரசு முகாம்கள் பலவற்றில் பாதி விலை. ஆனால் செலவை எரிபொருள் ஏற்றிவிடும். பெரிய மோட்டார் ஹோம் லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும். அதனால் அனுபவசாலிகள் அதிகம் ஓட்டுவதில்லை. ஓரிடத்தில் நின்றுவிட்டுப் பருவம் மாறினால் மட்டும் நகர்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி, கழிவறைத் தொட்டி ஆகிய மூன்றின் அளவுதான் ஓரிடத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வண்டி கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே அதன் விலை இறங்கத் தொடங்கும். வீட்டை விற்றுப் புது வண்டி வாங்கியவர் திரும்பவும் வீடு வாங்கும் நிலையில் இருக்கமாட்டார். முகவரிக்கும் வழி உண்டு. தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரே ஒரு இரவு தங்கியதற்கான ரசீதும், தபால் வாங்கி அனுப்பும் நிறுவனத்தில் ஒரு பெட்டியும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிடலாம். மாநில வருமான வரியும் இல்லை.

சக்கரத்தில் ஏற்ற முடியாதது மருத்துவம். 65 வயதில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வருகிறது. பழைய மெடிகேராக வைத்துக்கொண்டால், அதை ஏற்கும் எந்த ஊர் மருத்துவரிடமும் போகலாம். தனியார் நடத்தும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ மலிவாகத் தெரியும், ஆனால் அதில் பெரும்பாலானவை குறிப்பிட்ட மாவட்டத்தின் மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை; நாடோடிக்கு ஆகாது. இரண்டில் எதை எடுத்தாலும், குவார்ட்சைட் பொட்டலில் நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் போக வேண்டும். பழைய மெடிகேர் பல் வைத்தியத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் அநேகமாகப் பணம் தராது.

அதனால் இன்னொரு காட்சி. குவார்ட்சைட்டிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டரில் யூமா. அதை ஒட்டி, எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனெஸ். சில ஆயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூரில் நூற்றுக்கணக்கான பல் வைத்தியர்கள். முதியவர்கள் இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே எல்லை கடந்து, பல் கட்டிக்கொண்டு, கண்ணாடியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு, திரும்பும் வரிசையில் வெயிலில் நிற்கிறார்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டின் ஓய்வூதியதாரர்கள் பல் வைத்தியத்துக்குப் பக்கத்து நாட்டை நம்பியிருக்கிறார்கள். இந்தச் செய்தி அவர்கள் நாட்டுத் தலைவர்களை உறுத்த வேண்டும்.

‘பல்லுக்காகப் போகிற இடத்திலேயே குடியேறிவிட்டால் என்ன?’ என்று கேட்டவர்கள் நிறையப் பேர். மெக்சிகோவின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான சப்பாலாவின் கரையில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், வருடம் முழுக்க இதமான அஹிஹிக் ஊரில் அமெரிக்க, கனடா முதியவர்கள் பெருங்கூட்டமாக வாழ்கிறார்கள். அவர்களுடைய சப்பாலா ஏரிச் சங்கம் 1955-லேயே தொடங்கியது. ஆனால் குடியிருப்பு விசாவுக்கு மெக்சிகோ கேட்கும் மாத வருமானம் இப்போது மேலே சொன்ன சராசரி அமெரிக்க ஓய்வூதியத்தைப் போல இரு மடங்கு. பனாமா இன்னும் இறங்கி வருகிறது. ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் பென்ஷன் வருமென்று காட்டினால் விசா உண்டு. விமான டிக்கெட்டுக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் சட்டப்படியே தள்ளுபடி. எக்வடோரின் குவெங்கா நகரில் செலவு குறைவு, நாணயமும் 2000-லிருந்து டாலர்தான். ஆனால் 2,500 மீட்டர் உயரம் எல்லா இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒத்துவராது. 2024 ஜனவரியில் போதைக் கும்பல்களுக்கு எதிராக அந்த நாட்டின் அதிபர் உள்நாட்டு ஆயுத மோதல் என்றே அறிவிக்க நேர்ந்ததையும் போகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியம் எல்லை தாண்டி வரும், மெடிகேர் வராது. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு காசும் அது தராது. ‘பயன்படாததற்கு ஏன் கட்ட வேண்டும்’ என்று மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான, 2025-ல் மாதம் 185 டாலராக இருந்த பி பிரிவுக் கட்டணத்தை நிறுத்துகிறவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். விட்டுப்போன ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீத அபராதம் சேரும், சாகும் வரை தொடரும். ஐந்து வருடம் விட்டவர் ஒன்றரை மடங்கு கட்ட வேண்டும். அதுவும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் மீண்டும் சேர வழி. ஏப்ரலில் பக்கவாதம் வந்தால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டு, கடைசிக் காலத்துக்குக் கோவைக்கோ திருச்சிக்கோ திரும்பும் நம்மவர்களுக்கும் இதே விதிதான். ஊரில் செலவு குறைவு என்ற நிம்மதியில் பி பிரிவை விட்டுவிட்டு, பெரிய சிகிச்சைக்குப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு அழைக்கும்போதுதான் அபராதக் கணக்கைப் பார்க்கிறார்கள்.

இந்த மலிவுக்கு உள்ளூர்க்காரர்களும் விலை கொடுக்கிறார்கள். 2025 ஜூலையில் மெக்சிகோ சிட்டி மக்கள், வெளிநாட்டவர் வந்து குவிந்ததால் வாடகை ஏறிவிட்டது என்று தெருவில் இறங்கிப் போராடினார்கள். சொந்த ஊர் வாடகைக்குப் பயந்து ஓடிவந்தவர், வந்த ஊரில் இன்னொருவரை வாடகைக்குப் பயந்து ஓடவைக்கிறார்.

வண்டி வாங்குவதோ வெளிநாடு போவதோ 65 வயதின் முடிவு. கண் மங்கி, கை நடுங்கி, ஸ்டியரிங் பிடிக்க முடியாத 80 வயதுக்கு யார் திட்டம் போடுகிறார்கள்? ஒரு குழு அதற்கும் திட்டம் போட்டது. ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978-ல் தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ என்ற ஆர்.வி. சங்கம், டெக்சஸின் லிவிங்ஸ்டனில் தன் முதிய உறுப்பினர்களுக்காகப் பராமரிப்பு மையம் நடத்துகிறது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே குடியிருக்கலாம். சமையல் வேண்டாம், மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கும். துணி துவைக்க, வண்டியைச் சுத்தம் செய்ய ஆள் வருவார்கள். டாக்டரிடம் கூட்டிப் போய்க் கூட்டி வருவார்கள். சங்கத்தார் தங்களுக்குள் திரட்டிய பணத்திலும் உழைப்பிலும் எழுந்த இடம் அது, அரசு கட்டிக் கொடுத்ததல்ல. குவார்ட்சைட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும், அஹிஹிக்குக்கும் வேண்டும். ஏழு மாதத்துக்கு 180 டாலர் வாங்கி நிலத்தைத் தருகிற அரசு, அதே நிலத்தில் ஒரு நர்ஸையும் ஒரு ஆம்புலன்ஸையும் நிறுத்திவைப்பதிலிருந்து தொடங்கலாம்.