பள்ளிக்கும் ஒரு பாலாலயம்

கோயிலில் திருப்பணி தொடங்கும்போது முதலில் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கலசத்திலோ அத்திப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறு இடத்தில் வைப்பார்கள். அதன் பிறகுதான் கோபுரத்தில் சாரம் ஏறும், பிரகாரத்தில் கல் பெயரும். வேலை எத்தனை மாதம் நடந்தாலும் வேளை தவறாமல் பூசை நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள்கூட வழிபாடு நிற்கக் கூடாது என்பதற்காக, இடிப்பதற்கு முன்பே மாற்றிடத்தை யோசித்து வைத்த ஏற்பாடு அது.

பள்ளிக்கூடங்களுக்கும் இப்படியோர் ஏற்பாடு வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு என்பது ஒரே ஒரு ஆண்டுதான். கட்டடம் முடிகிறவரை பள்ளியைப் பூட்டிவைத்தால் அந்த ஆண்டு திரும்பி வராது. அதனால் உலகெங்கும் பெரும்பாலான பள்ளிகள் மணி அடித்துக்கொண்டும், பாடம் நடத்திக்கொண்டும், சோறு போட்டுக்கொண்டும்தான் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. வெறும் மனையில் வீடு கட்டுவதைவிடப் பலமடங்கு கவனம் கேட்கும் வேலை இது.

தமிழ்நாட்டில் இன்று இது ஊருக்கு ஊர் நடக்கிற சங்கதி. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் இலக்கு, ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் 18,000 புதிய வகுப்பறைகள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை உடனே முடுக்கிவிடப்பட்டது. இடித்தது சரிதான். ஆனால் பல ஊர்களில் புதுக்கட்டடம் எழும்வரை பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் உட்கார வேண்டியிருந்தது.

"தற்காலிகம்" என்ற சொல்லை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதற்குக் கும்பகோணம் சாட்சி. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு தொடக்கப் பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் 2009-ல் அளித்த தீர்ப்பு, நாடெங்கும் பள்ளிகள் தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்றிடம் என்பது நாலு கம்பு நட்டு நிழல் போடுகிற காரியம் அல்ல. இரண்டு வழிகள், தீப்பிடிக்காத கூரை, காற்று, வெளிச்சம் எல்லாம் அங்கேயும் வேண்டும். ஆறு மாதத்துக்கென்று போட்ட கொட்டகை மூன்று ஆண்டு நீடிப்பது நாம் பார்க்காததா?

சரி, பள்ளி நடக்கும் வளாகத்துக்குள் வேலை தொடங்கப்போகிறது. முதல் செங்கல்லுக்கு முன்னால் எழ வேண்டியது வேலி. கயிறு கட்டி, துணி தொங்கவிட்டால் போதாது. பந்தை எடுக்க ஓடுகிற பிள்ளைக்குக் கயிறு ஒரு தடையே இல்லை. ஆள் உயரத்துக்கு மேலான தகரத் தடுப்பு, பூட்டுப் போட்ட கதவு, அதில் ஒரு காவலர் என்று இருக்க வேண்டும். அடுத்தது பாதை. டிப்பர் லாரி வரும் வாசலும் பிள்ளைகள் வரும் வாசலும் ஒன்றாக இருக்கக் கூடாது. பள்ளிக்கு ஒரே வாசல்தான் என்றால் நேரத்தைப் பிரிக்க வேண்டும்: காலையில் பள்ளி கூடும் வேளையிலும் மாலையில் விடும் வேளையிலும் ஜல்லியோ மணலோ இறங்கக் கூடாது. பின்னோக்கி வரும் லாரியின் ஓட்டுநருக்கு முதல் வகுப்புக் குழந்தையின் உயரம் கண்ணாடியில் தெரியாது. அடித்தளக் குழிகளும் அதே அளவு ஆபத்தானவை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், ஒரே இரவில் அவை குளமாகிவிடும்.

வேலிக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியவை, ஒரு நாள்கூட நிற்கக் கூடாத காரியங்கள். குடிநீர், கழிப்பறை, சமையல் கூடம், மின்சாரம். வகுப்பறை ஒரு வாரம் இல்லாவிட்டால் மண்டபத்தில் பாடம் நடத்தலாம். கழிப்பறை ஒரு நாள் இல்லாவிட்டால் பெரிய வகுப்பு மாணவிகள் பள்ளிக்கு வரத் தயங்குவார்கள். மதிய உணவோடு, தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் தருகிற மாநிலம் இது. பழைய சமையல் கூடத்தை இடிக்கிற நாளில் புதியதில் அடுப்பு எரிய வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகிறது, மெயின் சுவிட்ச் எந்த அறையில் இருக்கிறது என்பதெல்லாம் பழைய பள்ளிகளில் வரைபடத்தில் இருக்காது. நீண்ட நாள் வேலை பார்க்கும் அலுவலக உதவியாளருக்குத் தெரிந்திருக்கும். பொறியாளர் முதலில் அவரோடு ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது.

பிறகு வருவது வரிசை. பத்து அறைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். எல்லா அறைகளும் பழுது. எல்லாவற்றிலும் வகுப்பு நடக்கிறது. பத்தையும் ஒன்றாகத் தொட முடியாது. மைதானத்தின் ஒரு மூலையில் முதலில் மூன்று புதிய அறைகளைக் கட்ட வேண்டும். அவை முடிந்ததும் மூன்று வகுப்புகள் அங்கே குடிபோகும். காலியான மூன்று பழைய அறைகளைச் செப்பனிட வேண்டும். அடுத்த மூன்று வகுப்புகள் அங்கே போகும். இப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசி அறைவரை போனால், கையில் மூன்று அறைகள் மிச்சம் இருக்கும். அவையே விரிவாக்கம்: நூலகமோ, ஆய்வகமோ, புதிய பிரிவோ. இந்த வரிசையை மாற்றி முதலில் இடித்துவிட்டால் மரத்தடிதான் மிச்சம்.

சிங்கப்பூர் இதற்கு இன்னொரு வழி கண்டது. 1999-ல் பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும் பெருந்திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். பெரிய வேலை நடக்கும் பள்ளிகளை, ஏற்கெனவே காலியாக இருந்த பள்ளி வளாகங்களுக்கு மாற்றினார்கள். மாணவர், ஆசிரியர், கால அட்டவணை எல்லாம் மொத்தமாக இடம்பெயர்ந்து, வேலை முடிந்ததும் திரும்பின. ஊருக்கே ஒரு பாலாலயம் என்று இதைச் சொல்லலாம். போர்ச்சுகல் 2007-ல் 332 மேல்நிலைப் பள்ளிகளைப் புதுப்பிக்கத் திட்டமிட்டபோது அப்படி இடம் மாற்றவில்லை. முற்றத்தில் ஆயத்த அறைகளை நிறுத்தி, கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பள்ளி நடக்கும்போதே வேலை செய்தார்கள். நிதி நெருக்கடி வந்து திட்டம் பாதியில் நின்றது. ஆனால் அந்த முறையில் நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் புதுப்பொலிவு பெற்றன.

திட்டமில்லாமல் இடம் மாற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே பல பள்ளிகளின் கூரைகளில் காற்றுக் குமிழிகள் நிறைந்த ஒருவகை இலகு கான்கிரீட் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். 2018-ல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் அத்தகைய கூரை விழுந்தது. வார விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று, புதிய கல்வியாண்டு தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கூரைகள் உள்ள பகுதிகளை மூடச் சொன்னது அரசு. தலைமையாசிரியர்கள் ஒரு வார இறுதிக்குள் கூடாரமும் ஆயத்த அறையும் தேடி அலைந்தார்கள்.

காலண்டர் இன்னொரு பெரிய கணக்கு. "மே மாத லீவில் முடித்துவிடலாம்" என்று சொல்வது எளிது. கான்கிரீட் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து இறுகுவதில்லை. தளம் போட்டபின் குறைந்தது 7 நாள், வெயிலும் வறட்சியும் உள்ள பருவத்தில் 10 நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள அறைக்கு, சாதாரண சிமென்டில், முட்டுகளை 14 நாள் கழித்தே எடுக்கலாம் என்கிறது இந்தியத் தர விதி. நமது வகுப்பறைகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான். முழு வலிமையைச் சோதிப்பது 28-ஆம் நாள். ஆக, ஒரு கோடை விடுமுறைக்குள் புதுமாடி எழாது. கூரை ஒழுக்கை அடைப்பது, கழிப்பறையைப் புதுப்பிப்பது, மின்கம்பிகளை மாற்றுவது, பழைய சுவரை இடித்து அகற்றுவது முடியும். தூசும் சத்தமும் ஆபத்தும் மிகுந்த வேலைகளை விடுமுறைக்கு ஒதுக்கி, பூச்சு, மரவேலை போன்ற அமைதியான வேலைகளை வகுப்பு நாட்களுக்கு விடுவதே அனுபவசாலிகளின் வழக்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, புயல் வந்தால் நிவாரண முகாம், மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு மையம் என்று நமது அரசுப் பள்ளிகளுக்கு வேறு கடமைகளும் இருக்கின்றன.

நேரத்தைச் சுருக்கவும் வழி இருக்கிறது. கோழிக்கோட்டின் நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளி நூறாண்டு கடந்தது. சுமார் 2,400 மாணவிகள் படித்தார்கள். ஃபைசல், ஷபானா தம்பதியின் அறக்கட்டளை 2013-ல் அதன் புதுப்பிப்பை 95 நாளில் முடித்தது. தொழிற்சாலையில் முன்பே செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை அதற்குக் கைகொடுத்தது. வேலையின் ஒரு பங்கு வளாகத்துக்கு வெளியே நடந்தால், வளாகத்துக்குள் இரைச்சலும் அந்த அளவுக்குக் குறையும்.

இரைச்சலைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999-ல் பரிந்துரைத்தது. கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தின் அருகே அது நூறை எட்டும். ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. இது பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கு, கட்டுமானம் சாராத ஒரு பள்ளியிலிருந்து தெளிவான பதில் இருக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 98-ஆம் எண் அரசுப் பள்ளியின் ஒரு பக்கம் உயர்மட்ட ரயில்பாதை ஓடியது. நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை ரயில் வரும். அரை நிமிடம் பாடம் நிற்கும். உளவியல் ஆய்வாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் அங்கே நடத்திய ஆய்வு 1975-ல் வெளியானது. ரயில் பக்க அறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்க அறைகளில் படித்தவர்களைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளிதான், அறை மட்டுமே வேறு. பிறகு தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் உட்கூரை போட்டார்கள். அவர் மீண்டும் போய்ச் சோதித்து 1981-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அளவில் வாசித்தார்கள்.